பாதின்னா பாதி

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எது நகர மறுத்தாலும் முதலில் எழும் குரல் ஒன்றுதான்: "கிரேனைக் கூப்பிடு!" ஈரத்தில் கனத்த போர்வை மூட்டையோ, சோப்புத்தூள் டிரம்மோ, வாசற்படியில் இடித்துக்கொண்டு நிற்கும் டிராலியோ, எதுவானாலும் கிரேன் வந்தாக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டு வரப்போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். வந்து நிற்பதோ நாற்பத்துநாலு வயதில், ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டிய உயரத்தில், நீலச் சீருடையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட ஒரு பெண். "இதுவா? தள்ளுங்க" என்பாள். மூட்டை இருக்கவேண்டிய இடத்துக்குப் போய்விடும். புதியவர்களுக்குத் திறந்த வாய் மூடக் கொஞ்ச நேரம் ஆகும்.

இந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், கூடத்தில் நாலு பேர் "நான்தான்" என்று சண்டைக்கு வருவார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் யாராவது "கிரேன்" என்று கூப்பிட்டால் முதுகு தானாக நிமிர்வதை எல்லோரும்தான் பார்த்திருக்கிறார்களே!

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் பஸ் பிடித்துக் கணவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவாள். கடையில் பை, செருப்பு, சீருடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பக்கத்து டிரைவிங் ஸ்கூலின் பின்புறம் இருக்கும் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவாள். முன்னொரு காலத்தில் கார் நிறுத்திய இடம் அது. இப்போது அங்கே பலகை அடித்த மேடை இரண்டு, எடை மாட்டித் தூக்கும் இரும்புப் பார் மூன்று, சுவரோரமாகச் சாய்த்து வைத்த ரப்பர் பிளேட்டுகள். எண்ணெய் வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை. அங்கேதான் அவள் ஆறு வருஷமாக எடை தூக்குகிறாள்.

அது தொடங்கிய கதையைச் சொல்லாமல் விட்டால் கண்ணாடிக்கடைக்காரர் என்னோடு பேசமாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கடைக்கு லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆட்கள் இருவரும் அதை மேஜைமேல் யார் ஏற்றுவது என்று நடைபாதையிலேயே வழக்காடிக்கொண்டு நின்றார்கள். கிரேன் கொஞ்சம் பொறுத்தாள். கொஞ்சம்தான். பிறகு குனிந்து மெஷினைக் கட்டிப்பிடித்துத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். பக்கத்து வாசலில் நின்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பதுகூட ஆகாத ஆள். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பான், சாயங்காலம் கொட்டகையில் எடை தூக்கக் கற்றுக்கொடுப்பான்.

"அக்கா, நீங்க தப்பா தூக்கறீங்க" என்றான்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "தப்பா தூக்கினா மேல எப்படிப்பா போச்சு?"

"மேல போயிடுச்சு. இடுப்பு எப்ப போகும்னு தெரியாது."

மறுநாளே கொட்டகை வாசலில் போய் நின்றாள். "சரியா தூக்கறது எப்படின்னு காட்டு, பார்க்கலாம்" என்றாள். சண்டைக்குப் போனவள்தான். அன்றிலிருந்து அவன் அவளுக்குக் கோச் தம்பி.

இந்த விளையாட்டில் தூக்குவது இரண்டு வகை. தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஒன்று. முதலில் தோளில் வாங்கி, அங்கிருந்து தலைக்கு மேல் தள்ளுவது இன்னொன்று. கிரேனுக்கு இரண்டாவதில்தான் உயிர். மேலே தள்ளினால் மட்டும் போதாது. முழங்கையை நீட்டி, கால் இரண்டையும் ஒன்றுசேர்த்து, அசையாமல் நிற்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் கையைத் தாழ்த்தி "இறக்கு" என்று சொன்ன பிறகுதான் கீழே விடலாம். அதற்கு முன்னால் விட்டால் தூக்கியது தூக்கியதாகவே சேராது. இந்த ஒரு விதிதான் அவளுக்கு எதிரி. சலவைக்கூடத்துக் கை அது: தூக்கியதை உடனே வைத்துவிட்டு அடுத்ததைத் தேடும் கை. இதுவரை போன இரண்டு போட்டிகளிலும் மேலே போன பாரை அவசரப்பட்டுப் போட்டுவிட்டு, நடுவரை முறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பட்டம் வேண்டாம், கோப்பை வேண்டாம். தன் உடம்பின் எடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டவேண்டும். "எத்தனையோ பேர் படுத்து எழுந்த துணியைத் தூக்கியாச்சு. ஒரு தடவை என்னை நானே தூக்கணும்" என்று கோச்சிடம் சொல்லியிருந்தாள். அவள் எடை அறுபத்தாறு கிலோ. தூக்க முடிந்தது அறுபத்துமூன்று. வெறும் மூன்று கிலோ, ஒரே ஒரு செங்கல்லின் கனம். அந்த மூன்று கிலோ அவளைப் பதினாலு மாதமாக நாயாய் அலையவிட்டது.

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? மூணு கிலோ இளைச்சுட்டுப் போ. கணக்கு நேராயிடும்" என்பார் கண்ணாடிக்கடைக்காரர். அவர் ஒல்லியான ஆள். ஈர்க்குச்சி மாதிரி இருந்துகொண்டு பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

"உங்களைத் தூக்கறதா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன்" என்பாள் அவள்.

முடியாத காரியத்துக்கு அவளிடம் எப்போதும் ஒரே மருந்துதான்: இன்னும் கொஞ்சம் கூட்டு. வாரத்தில் நாலு நாள் போனவள் ஐந்து நாளாக்கினாள், பிறகு ஆறு. ஐந்து சுற்று தூக்கச் சொன்னால் ஏழு சுற்று தூக்கினாள். அடுத்த போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தபோது வலது தோளில் ஊமைவலி ஒன்று வந்து குடியேறி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. கணவர் குளிக்கப் போய் வாளியைச் சத்தமாக வைத்தார் என்பதற்காக அவரோடு அரைநாள் பேசவில்லை. அந்த வாரம் ஐம்பத்தெட்டு கிலோ தோளிலிருந்து மேலே போகவே மாட்டேன் என்று முரண்டு பிடித்து முன்னால் விழுந்தது. ஐம்பத்தெட்டு! மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே தூக்கிப்போட்ட எடை அது.

கோச் கையை நீட்டினான். அவளுடைய நோட்டை வாங்கினான். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று எழுதிவைக்கும் நோட்டு. நாலைந்து பக்கம் புரட்டினான். பிறகு அடுத்த வாரத்துக்கான பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு சொல்லை எழுதினான்: இறக்கம்.

"இது என்னப்பா?"

"இந்த வாரம் லோடைக் குறைக்கறோம் அக்கா. பாதி."

அவள் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்ல வர்றியா? நேரா சொல்லிடு."

"ஐயோ, அப்படி இல்லக்கா. மேட்டுல கார் திணறுது. நாலாவது கியர்லயே போட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா ஏறுமா? இன்ஜின் உதறிட்டு நின்னுடும். கியரைக் குறைங்க, ஏறும்."

"நான் காரா?"

"கார்கூட நான் சொன்னா கேட்கும்" என்றான் கோச்.

அந்த வாரம் அவனுக்குக் கொட்டகைப் பக்கம் வரவே நேரமில்லை. லைசென்ஸ் தேர்வுக்கு ஆட்களைத் தினமும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கிரேன் தனியாகத்தான் பயிற்சி செய்தாள். சொன்ன சொல் தவறாமல் எடையைப் பாதியாக்கினாள். ஐம்பது கிலோவுக்குப் பதில் இருபத்தைந்து. பாரில் மாட்டிய பிளேட்டுகளைப் பார்த்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது. இவ்வளவு லேசாக இருப்பதைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் மனசாட்சி சும்மா விடுமா? ஆகவே, சுற்றுகளை மட்டும் இரண்டு மடங்காக்கிக்கொண்டாள். ஐந்து சுற்றுக்குப் பத்துச் சுற்று. வியர்வையில் குளித்து வெளியே வந்தபோது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. ஓய்வும் எடுத்தாயிற்று, ஏமாற்றவும் இல்லை. என்ன கெட்டிக்காரத்தனம்!

வெள்ளிக்கிழமை கோச் வந்தான். "தோள் எப்படிக்கா?"

"அப்படியேதான் இருக்கு. உன் இறக்கமும் நீயும்!"

நோட்டைத் திறந்தான். விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனவன் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, போன வாரம் ஐம்பது கிலோ. ஒரு சுற்றுல நாலு தடவை, அஞ்சு சுற்று. மொத்தம் எவ்வளவு?"

"ஆயிரம்."

"இந்த வாரம் இருபத்தஞ்சு. நாலு தடவை. பத்து சுற்று."

அவள் மனக்கணக்கில் கெட்டி. உதடு அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. "ஆயிரம்" என்றாள், கொஞ்சம் சின்னக் குரலில்.

"ஒரு கிலோகூடக் குறையாம கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க. எப்படிக்கா முடியுது?"

"நீ பாதின்னு சொன்ன. பாதிதானே தூக்கினேன்?"

"பாதின்னா பாதிக்கா! பாதியை ரெண்டு தடவை தூக்கினா அது பாதியா?" சொல்லிவிட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சத்தம் கேட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் கையில் ஒரு ஃபிரேமோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், "இருபது வருஷமா நான் படற பாடு இதுதான் தம்பி. படுத்துக்கோன்னு சொன்னா படுத்துட்டே கறிகாய் நறுக்குவா" என்று போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் கோச் ஒரு கேள்வி கேட்டான். ஆறு வருஷத்தில் அவன் கேட்காத கேள்வி. "அக்கா, வேலையில ஒரு நாளைக்கு எவ்வளவு தூக்கறீங்க?"

யாருக்குத் தெரியும்? எண்ணிப் பார்த்து யார் வேலை செய்கிறார்கள்? மறுநாள் ஒரு சுண்ணாம்புத்துண்டை எடுத்துச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள். தன் மெஷினிலிருந்து ஈரத்துணியை வாரி எடுத்து டிராலியில் போடும்போதெல்லாம் சுவரில் இடதுபக்கம் ஒரு கோடு. அடுத்தவர் கூப்பிட்டுத் தூக்கினால் வலதுபக்கம் ஒரு கோடு. சாயங்காலம் நின்று எண்ணினாள். இடதுபக்கம் பதினொன்று. வலதுபக்கம் இருபத்துமூன்று.

திரும்ப எண்ணினாள். இருபத்துமூன்றேதான்.

கோச் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நான் இங்க ஒரு மணி நேரத்துக்குத்தான் திட்டம் போடறேன். நீங்க எட்டு மணி நேரம் அங்க தூக்கிட்டு வர்றீங்க. நான் ஒரு முட்டாள், இதை மொதல்லயே கேட்டிருக்கணும். இறக்கத்தைத் திங்கட்கிழமையிலேருந்து புதுசா ஆரம்பிப்போம். எடையும் பாதி, சுற்றும் பாதி. அந்தப் பதினொன்னு உங்க வேலை, செஞ்சுதான் ஆகணும். இந்த இருபத்துமூணையும் இறக்கி வைங்க."

"முடியாதுன்னு எப்படிப்பா சொல்றது?"

"ஒரு வாரம்தானே அக்கா."

போட்டிக்கு இன்னும் நாலே வாரம். அவளுக்குப் பயமாக இருந்தது. தோளைப் பற்றிய பயம் பாதி. கூப்பிட்டால் வராத கிரேனை இனிமேல் யார் கூப்பிடுவார்கள் என்பது மீதி.

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கே முதல் சோதனை வந்துவிட்டது. துணி மடிக்கும் மேஜையில் இருபத்தைந்து வருஷமாக நிற்கிற மடிப்பக்கா குரல் கொடுத்தாள். கூடத்திலேயே கிரேனுக்கு நெருங்கியவள் அவள்தான். "ஏய் கிரேன், இந்த டிரம்மைக் கொஞ்சம் இந்தப்பக்கம் வச்சுட்டுப் போயேன்."

கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. சத்தியமாக, கால்தான் வைத்தது, அவள் வைக்கவில்லை. நின்றாள்.

"கிரேன் ரிப்பேர்க்கா. ஒரு வாரத்துக்கு எடுக்காது."

கூடமே திரும்பிப் பார்த்தது. மடிப்பக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உடம்புக்கு என்னடி?"

"ஒண்ணுமில்ல. தோள் வலி. கோச் தூக்கக் கூடாதுன்னுட்டான்."

"அட, இதை வாயைத் திறந்து சொன்னா என்ன? எத்தனை நாளா வலிக்குது?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா! நாங்களும் ரெண்டு மாசமா கிரேன் கிரேன்னு உயிரை எடுத்திருக்கோமே, பாவி! போ, போய் உன் மெஷினைப் பாரு." மடிப்பக்கா பக்கத்தில் இருந்தவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள். இருவருமாக டிரம்மைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். டிரம் உருளும் என்பதே கிரேனுக்கு அப்போதுதான் தெரிந்தது. உருண்டையான பொருள் உருளும் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையோ என்னவோ.

அந்த வாரம் அவள் பட்ட அவஸ்தை சொல்லி மாளாது. யாராவது முக்கி முனகினால் இங்கே இவளுக்குக் கை அரிக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். தப்பாகத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். புதன்கிழமை பொறுக்க முடியாமல், "முழங்காலை மடக்கி எடு, இடுப்புல எடுக்காதே" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். அன்று அவள் தூக்கிய ஒரே கூடுதல் பாரம் அந்தக் குரல்தான்.

ஆனால் அவளை உண்மையில் உலுக்கியது டிராலி விவகாரம். ஈரத்துணி டிராலிகள் உலர்த்தும் அறைக்குப் போகிற வழியில் அரையடி உயரத்துக்கு ஒரு வாசற்படி உண்டு. இரண்டு வருஷமாக டிராலியின் முன்பக்கத்தைத் தூக்கி அந்தப் படியேற்றி விடுவது கிரேன்தான். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது இருக்கும். செவ்வாய்க்கிழமை டிராலிகள் அங்கே வரிசையாகத் தேங்கி நின்றன. சூப்பர்வைசர் வந்தார், பார்த்தார், மெயின்டனன்ஸ் பிரிவுக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை ஓர் ஆள் இரும்புத்தகடு ஒன்றை எடுத்துவந்து படிக்குச் சரிவாக வைத்து, நாலு போல்ட் போட்டு முடுக்கினார். டீ குடித்த நேரத்தையும் சேர்த்து அரைமணி நேரம். அதன் பிறகு டிராலிகள் ஒற்றைக் கையால் தள்ளினாலே ஏறிப்போயின.

"இதை முன்னாலயே செஞ்சிருக்கலாமே" என்றாள் கிரேன்.

"யாரும் கேட்கலையேம்மா. ஏதோ ஏறிட்டுதான் இருக்குன்னு சொன்னாங்க" என்றார் அவர், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே.

அன்று வீட்டுக்கு வந்ததும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கணவரிடம் சொன்னாள்: "ரெண்டு வருஷமா நான் ஒரு தகரத் தகடா இருந்திருக்கேங்க." சொல்லும்போது சிரிப்புத்தான் வந்தது. சொல்லி முடித்த பிறகு கண் கலங்கியது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர் இல்லையா, அவர் கிண்டல் செய்யவில்லை. "நாலு போல்ட்டு போட்டாத்தான் தகடு நிக்கும். நீ சும்மாவே நின்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்ததைத் தானே இறக்கி அவளுக்குத் தட்டில் பரிமாறினார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆமாம், பசி திரும்பியிருந்தது. தூக்கமும் திரும்பியது. படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். கொட்டகையில் அரைமணி நேரத்தில் பயிற்சி முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் கடையில் உட்கார்ந்து கண்ணாடிக் கூடுகளைத் துடைத்து அடுக்கினாள், வாடிக்கையாளரோடு கதை பேசினாள். மனைவி இவ்வளவு சாதுவாக இருப்பதைப் பார்த்துக் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டாக்டர் ஏதாவது சொல்லி, அதை மறைக்கறியா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலடியிலிருந்து எடை பார்க்கும் மெஷினை இழுத்து ஏறி நின்றாள். அறுபத்தேழரை.

"என்னங்க! ஒன்றரை கிலோ ஏறிட்டேன்!"

"அப்ப தூக்க வேண்டியதும் ஏறிடுச்சா?" கண்ணாடிக்கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இளைக்கச் சொன்னேன், கேட்டியா? நீ துரத்திட்டுப் போறே, அது முன்னால ஓடுது!"

அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். காதோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. வலி இல்லை. இன்னொரு தடவை உயர்த்திப் பார்த்தாள். இல்லவே இல்லை.

அடுத்த வாரம் எடையைப் படிப்படியாக ஏற்றினார்கள். ஐம்பத்தெட்டு, போன மாதம் முன்னால் விழுந்து மானத்தை வாங்கிய அதே ஐம்பத்தெட்டு, இப்போது தலையணையைப் பரணில் போடுவதுபோலப் போயிற்று. அறுபதும் போயிற்று. போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் அறுபத்துநாலு. பதினாலு மாதப் பூட்டு அன்று திறந்தது. "இன்னும் ரெண்டு போடு" என்று குதித்தவளைக் கோச் பாரைத் தொடவிடவில்லை. "மேடையிலக்கா. மிச்சம் எல்லாம் மேடையில. கடைசி வாரம் மறுபடி இறக்கம்." அவள் முணுமுணுத்தாள். ஆனால் இந்தத் தடவை பாதி என்றால் பாதியாகவே செய்தாள்.

சலவைக்கூடத்தில் அவள் ரிப்பேர் முடிந்துவிட்டதாக இன்னும் அறிவிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. டிரம் உருண்டது, டிராலி ஏறியது, மூட்டையை இருவராகத் தூக்கினார்கள். பெயர் மட்டும் போகவில்லை. "கிரேன், சாப்பிட வா" என்றுதான் இப்போதும் கூப்பிட்டார்கள். தூக்கச் சொல்லாமலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியும் என்பது அவளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. மடிப்பக்கா வேலையிலிருந்து அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் வழக்கம்போல வெளியே, வராந்தாவில், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். மனைவி மேடையில் தூக்குவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "அவ மூச்சை அடக்கினா எனக்கு மூச்சு நின்னுடுது" என்பது அவர் சொல்லும் காரணம்.

காலையில் எடை பார்த்தார்கள். அறுபத்தேழு கிலோ முந்நூறு கிராம். அப்படியென்றால் அறுபத்தெட்டு தூக்க வேண்டும்.

முதல் வகை முடிந்து, அவளுக்கு உயிரான இரண்டாவது வகை வந்தது. அதில் ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. முதலில் அறுபத்திரண்டு கேட்டாள். சுலபமாகப் போயிற்று. இரண்டாவது அறுபத்தைந்து. தோளுக்கு வந்தது, தலைக்கு மேல் போயிற்று, முழங்கை பூட்டிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் சலவைக்கூடத்துக் கை முந்திக்கொண்டது. நடுவரின் கை இறங்குவதற்குள் பாரைக் கீழே போட்டுவிட்டாள். தடாலென்று சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது: சேராது. மடிப்பக்கா "அடிப்பாவி!" என்றது அரங்கம் முழுக்கக் கேட்டது.

கோச் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, அறுபத்தஞ்சையே திரும்பக் கேட்போம். அதைத் தூக்கினா மெடல் நிச்சயம். அறுபத்தெட்டு கேட்டுத் தவறிட்டா அறுபத்திரண்டோட வீட்டுக்குப் போகணும்."

"மெடலுக்கா வந்தேன்? அறுபத்தெட்டு போடச் சொல்லு."

"நின்னுடுவீங்களா?"

அதுதானே கேள்வி. தூக்குவதைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை. நிற்பதுதான். சட்டென்று எழுந்து வராந்தாவுக்குப் போனாள். சுவரைப் பார்த்து நின்றவரின் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, உள்ள வாங்க."

"நானா? வேணாம்மா, நான் இங்கேயே..."

"எனக்கு அவசரம் வந்துடும்ங்க. நேரா எதிர்ல நில்லுங்க. உங்களைப் பார்த்துட்டே நிக்கறேன். அவ்வளவுதான்."

மனுஷர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, நடுவருக்குப் பின்னால், சுவரில் ஒட்டியதுபோல நின்றார்.

பெயர்ப்பட்டியலில் இருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பார் வழுக்காமல் இருக்கக் கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டு மேடை ஏறினாள். குனிந்து பிடித்தாள். தரையிலிருந்து பார் கிளம்பியது. தோளுக்கு வந்து உட்கார்ந்தது. அந்தக் கனத்தில் குந்திப்போனவள், முனகிக்கொண்டு எழுந்தாள். ஒரு மூச்சு. முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது, பார் பறந்தது, அவள் கால்களை முன்னும் பின்னுமாகப் பிரித்து அதன் அடியில் நுழைந்துகொண்டாள். முன்கால் பின்னால் வந்தது. பின்கால் முன்னால் வந்தது. இரண்டும் ஒன்றுசேர்ந்தன.

நின்றாள்.

எதிரே கணவர் நின்றுகொண்டிருந்தார், கண்ணைத் திறந்துகொண்டு. வலது தோள் ஒன்றும் சொல்லவில்லை. கை அரித்தது, போடு போடு என்றது. ஒரு வாரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு அந்த அரிப்பு பழக்கமாகியிருந்தது. அரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். தலைக்கு மேல் அறுபத்தெட்டு கிலோ, அவளும் அவளுக்கு மேலே ஒரு முக்கால் கிலோவும், அசையாமல் இருந்தது. நடுவர் கையைத் தாழ்த்தினார். "இறக்கு" என்றார்.

அவள் இறக்கவில்லை.

நடுவர் இன்னொரு தடவை சொன்னார். தூக்கியது சேர்ந்தது என்று வெள்ளை விளக்குகள் மூன்றும் எரிந்துவிட்டன. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அரங்கத்தில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். கடைசியில் கண்ணாடிக்கடைக்காரருக்குத்தான் தாங்கவில்லை. பாட்டிலை வீசிவிட்டு, இருபது வருஷக் குடித்தனத்தில் எழுப்பாத குரலை எழுப்பிக் கத்தினார்: "ஐயோ, போதும்மா, இறக்கி வை!"

இறக்கி வைத்தாள்.

கீழே வந்ததும் மடிப்பக்கா கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு "ஏண்டி, சொன்னா போட மாட்டியா?" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "பயமா இல்லையா?" என்று அவள் கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு" என்றார்.

கோச் நோட்டை நீட்டினான். அவள் வாங்கி, அன்றைய தேதிக்கு நேரே 68 என்று எழுதினாள். அவன் பேனாவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்; அடுத்த வாரத்துப் பக்கத்தில் வழக்கமாக எழுதுகிறவன் அவன்தானே. அவள் கொடுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, தலையில் கொட்டை எழுத்தில் தானே எழுதினாள்: இறக்கம். அதற்கு அடியில் சின்னதாக, "பாதின்னா பாதி" என்று எழுதிக் கோடு போட்டாள். பிறகு நோட்டை மூடிக் கணவர் கையில் கொடுத்து, தன் பையையும் அவர் தோளிலேயே மாட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.